திரும்பக் கேட்ட அழுகை

யாமினி இறந்து ஒரு மழைக்காலமும் ஒரு பனிக்காலமும் போன பிறகு, சபையில் ருக்மணியைச் சாட்சி சொல்லும்படி கேட்டார்கள்.

சித்தூர்ப் பக்கத்துச் சபைகளிலிருந்து விசுவாசிகள் வரப்போகும் ஞாயிறு அது. பாஸ்டரின் மனைவி கன்னிகா, ருக்மணி சமையல் செய்யும் பெண்கள் ஹாஸ்டலுக்கே தேடி வந்துவிட்டாள். பெற்ற மகளைப் பறிகொடுத்துவிட்டு ஒரு சொட்டுக் கண்ணீர் விடாமல் நின்ற தாய் என்று சித்தூரில்கூடப் பேசிக்கொள்கிறார்களாம். அவள் எழுந்து நாலு வார்த்தை சொன்னால் துக்கத்தில் இருக்கிற எத்தனையோ பேருக்குத் தெம்பாக இருக்கும் என்றாள். ருக்மணி அப்போது சாம்பாருக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தாள். கையைக் கழுவாமலே சரி என்று தலையாட்டினாள். மறுப்பதற்கு அந்த நேரத்தில் ஒரு காரணமும் தோன்றவில்லை.

ருக்மணி நகரிக்காரி. பிறந்த வீட்டில் விசைத்தறி ஓடியது. சுரேஷ்பாபுவுக்கு வாழ்க்கைப்பட்டுத் திருப்பதிக்கு வந்தாள். அவன் வெதுருகுப்பத்துப் பக்கம் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவன். நிலத்தை அண்ணனிடம் விட்டுவிட்டு வந்து, மலையடிவாரத்து அலிபிரியிலிருந்து திருமலைக்கு ஜனங்களை ஏற்றிப் போகும் வேன் ஓட்டினான். கல்யாணமான புதிதில் இரண்டு கரு தங்காமல் போயின. மூன்றாவது முறை, பக்கத்து வீட்டு லட்சுமம்மா தினமும் வந்து அவள் தலையில் கை வைத்து ஜெபித்துவிட்டுப் போவாள். யாமினி பிறந்தாள். ருக்மணி குழந்தையைத் தூக்கிக்கொண்டு லட்சுமம்மாவோடு சபைக்குப் போகத் தொடங்கினாள். அப்படியே ஞானஸ்நானமும் எடுத்துக்கொண்டாள். சுரேஷ்பாபு தடுக்கவில்லை. யார் கொடுத்தால் என்ன, பிள்ளை வந்ததே என்பது அவன் கட்சி. அவன் பங்குக்குக் குழந்தையை மலைக்குக் கூட்டிப்போய் மொட்டை போட்டு வந்தான்.

யாமினி இரண்டு பக்கமும் வளர்ந்தாள். ஞாயிற்றுக்கிழமை அம்மாவோடு சபை. பள்ளி விடுமுறை நாட்களில் நைனாவோடு வேனின் முன் சீட். பெரியவளான பிறகு ஒருநாள், தானும் ஞானஸ்நானம் எடுக்கப்போவதாக அவளே சொன்னாள். சுரேஷ்பாபு அன்று சவாரியை விட்டுவிட்டு வந்து, அவள் தண்ணீரிலிருந்து ஏறும்போது கரையில் டவலை விரித்துக்கொண்டு நின்றான். பிறகு அவள் சித்தூரில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். சனிக்கிழமை மாலையில் பஸ் ஏறி வீட்டுக்கு வருவாள். ஒரு சனிக்கிழமை ஜுரத்தோடு வந்தாள். டெங்கு என்று தெரிவதற்குள் பாதி முடிந்துவிட்டது. அடுத்த சனிக்கிழமை அவள் இல்லை.

ஜீவரத்தினம் பாஸ்டர் கெட்ட மனிதர் அல்ல. யாமினி ஆஸ்பத்திரியில் கிடந்த நாட்களில் வராந்தாவிலேயே படுத்துக் கிடந்தவர். பெட்டியைத் தோளில் சுமந்தவர்களில் அவரும் ஒருவர். ஆனால் விசுவாசியின் அடக்கத்தில் ஒப்பாரி கூடாது என்பதில் கண்டிப்பானவர். மகள் ஆண்டவரிடம் போயிருக்கிறாள், போகக்கூடாத இடத்துக்கா போய்விட்டாள், நம்பிக்கை இல்லாதவர்களைப்போல் அழுவது எதற்கு என்று அன்று காலையிலேயே எல்லோரிடமும் சொல்லிவிட்டார். வெள்ளைப் புடவைப் பெண்கள் பெட்டியைச் சுற்றி நின்று கைதட்டிப் பாடினார்கள். சுரேஷ்பாபுவின் அக்கா ரத்தினம்மா ஊரிலிருந்து ஓடி வந்து, தலையை விரித்துக்கொண்டு பிள்ளைமேல் விழப்போனாள். இரண்டு பெண்கள் நல்ல வார்த்தையாகத்தான் பேசி அவளைக் கைத்தாங்கலாக வெளியே கொண்டுபோனார்கள். அவள் தெருவில் மின்கம்பத்தின் அடியில் உட்கார்ந்து தனியாக மார்பில் அடித்துக்கொண்டு அழுதாள். அடக்கம் முடிவதற்குள் பஸ் ஏறிப் போய்விட்டாள். அதன்பிறகு ருக்மணியோடு பேசவில்லை.

ருக்மணி அழவில்லை. அழவேண்டாம் என்றார்கள்; நிறுத்திக்கொண்டாள். அன்று அது சுலபமாகக்கூட இருந்தது. தொண்டையில் ஒரு கதவைச் சாத்துவதுபோல்தான். அடுத்த வாரம், யாருமில்லாத வீட்டில் திறக்கப் பார்த்தாள். திறக்கவில்லை.

பரலோகத்தை அவள் சந்தேகப்பட்டதில்லை. அலிபிரியிலிருந்து மலை தெரிவதுபோல அவளுக்கு அது தெரிந்தது. மகள் அங்கே இருக்கிறாள், ஜுரம் இல்லை, ஊசி குத்திய கையில் வீக்கம் இல்லை. இதையெல்லாம் நம்பிக்கொண்டேதான் ஹாஸ்டலில் இட்லி ஊற்றினாள். மகள் வயதுப் பெண்கள் தட்டை நீட்டிக்கொண்டு வரிசையில் நிற்கும்போது சிலசமயம் கரண்டி நின்றுவிடும். ஆன்ட்டி, போடுங்க என்பார்கள். போடுவாள். சபையில் அவளைப் பார்க்கிறவர்கள் எல்லாம் உன் விசுவாசம் எங்களுக்கு வருமா என்றார்கள்.

சுரேஷ்பாபு நேர் எதிர். ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டே அழுவான். வண்டியில் இருப்பவர்கள் பயந்துவிடுகிறார்கள் என்று முதலாளி கொஞ்சநாள் வீட்டில் இருக்கச் சொன்னார். வெதுருகுப்பத்தில் அண்ணனும் அக்காவும் யாமினிக்குக் காரியம் செய்தபோது போய் உட்கார்ந்து, தலைமுழுகிவிட்டு வந்தான். சபையில் சிலர் அதைப்பற்றி ருக்மணியிடம் இழுத்துப் பேசினார்கள். அவன் திரும்பி வந்தபோது அவள் சோறு போட்டாள். அவள் அவனை இன்னும் ‘யாமினி நைனா’ என்றுதான் கூப்பிட்டாள். இருபத்துச் சொச்சம் வருஷமாகக் கூப்பிடுகிற பேர்; வேறு பேர் வாயில் வரவில்லை.

சாட்சி சொல்லவேண்டிய ஞாயிற்றுக்கு முன்னால் ஒரு மாலை. சுரேஷ்பாபு மலையிலிருந்து இறங்கி வந்து சாப்பிட உட்கார்ந்தான். பாதிச் சாப்பாட்டில் கையை நிறுத்தினான்.

“ருக்கு, ஒண்ணு கேக்கறேன், கோச்சிக்காத. எங்க பக்கத்துல அவ திரும்பப் பொறப்பான்னு சொல்றாங்க. எங்கண்ணனும் அதான் சொன்னான். ஆனா வேற எங்கியோ யாருக்கோ பொறந்துட்டா, அது நம்ம யாமினின்னு எனக்கு எப்படித் தெரியும்? அவளுக்குத்தான் என்னை எப்படித் தெரியும்? நீ சொல்ற எடத்துல பாத்தா அடையாளம் தெரியும்னு சொல்ற. அங்க என்னை உள்ள உடுவாங்களா?”

ருக்மணி ரசக் கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். சபையில் கேட்ட பதில் அவளுக்குத் தெரியும். எத்தனையோ ஞாயிறுகளில் கேட்டதுதான். அந்தப் பதிலை, சோற்றில் கையை வைத்துக்கொண்டு தன் முகத்தைப் பார்க்கிற இந்த மனிதனிடம் சொல்ல நாக்கு எழவில்லை. ரசத்தை ஊற்றினாள். அவனும் மறுபடி கேட்கவில்லை. பிசைந்து தின்றுவிட்டு எழுந்துபோனான்.

ஞாயிறு வந்தது. தகரக்கூரை போட்ட சபை நிரம்பி வழிந்தது. தெலுங்கில் இரண்டு பாட்டு, தமிழில் ஒரு பாட்டு முடிந்ததும் பாஸ்டர் அவள் பேரைச் சொன்னார். ருக்மணி முன்னால் போய் மைக்கைப் பிடித்தாள். சொல்லவேண்டியது மனதில் தயாராகத்தான் இருந்தது. மற்றவர்கள் சொல்லிக் கேட்டுக் கேட்டுப் பழகிய வார்த்தைகள். கர்த்தர் என்னைத் தேற்றினார், எனக்குச் சமாதானம் தந்தார். முன்வரிசையில் கன்னிகா அவளைப் பார்த்துச் சிரித்து, சொல்லுங்கள் என்பதுபோல் தலையசைத்தாள்.

“என் பொண்ணு பரலோகத்துல இருக்கறா,” என்றாள் ருக்மணி. “அத நான் நம்பறேன். அதுல ஒரு சந்தேகமும் இல்ல.”

ஸ்தோத்திரம் என்றார்கள்.

“ஆனா எனக்குச் சமாதானம் இல்ல. இருக்குதுன்னு இங்க நின்னு பொய் சொல்லக்கூடாது. அன்னிக்கு அழாதேன்னு சொன்னீங்க, நான் அழல. இப்ப எனக்கு அழுகையே வரல. அவ ஆண்டவர்கிட்ட இருக்கறா, சரி. நான் இங்கதான இருக்கறேன்? என் அழுகைய எனக்குத் திரும்பக் குடுங்க. வேற ஒண்ணும் வேணாம்.”

மைக்கை வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். யாரும் ஸ்தோத்திரம் சொல்லவில்லை. பாஸ்டர் சுருக்கமாக ஒரு ஜெபம் செய்து அடுத்த பாட்டைத் தொடங்கிவிட்டார். சித்தூர்க்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பின்வரிசையிலிருந்து லட்சுமம்மா முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து வந்து, ருக்மணியை ஒட்டி உட்கார்ந்தாள். ஆராதனை முடியும்வரை அவள் கையை விடவில்லை.

அன்று மாலை பாஸ்டர் வீட்டுக்கு வந்தார். சுரேஷ்பாபு அவருக்கு நாற்காலி போட்டான். பாஸ்டரின் முகம் வாடித்தான் இருந்தது. மனதில் இப்படி ஒரு பாரம் இருக்கிறதென்று தன்னிடம் முன்பே தனியாகச் சொல்லியிருக்கலாமே, வெளியூர்க்காரர்கள் முன்னால் சபைக்கு என்ன பேர் ஆகும் என்று கேட்டார். ருக்மணி, தனியாகச் சொல்லியிருந்தால் தனியாக ஒரு ஜெபம் பண்ணிவிட்டுப் போயிருப்பீர்கள் ஐயா என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. அவர் தரையைப் பார்த்தார்.

அந்த இடைவெளியில் சுரேஷ்பாபு தன் கேள்வியைக் கேட்டான். மனைவியிடம் கேட்ட அதே வார்த்தைகளில்தான் கேட்டான். ருக்மணி காபி கலக்கப்போனவள் வாசற்படியிலேயே நின்றுவிட்டாள்.

பிரசங்கமென்றால் பாஸ்டருக்குத் தயங்கத் தெரியாது. இப்போது கைக்குட்டையை எடுத்து நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

“அண்ணா, இயேசுவ நம்பறவங்களுக்கு அந்த எடம்னு வேதத்துல இருக்குது. உங்கள ஆத்தறதுக்காக நான் அத மாத்திச் சொன்னா, நாளைக்கு நீங்களே என்னை நம்பமாட்டீங்க.”

“அப்ப உடமாட்டாங்க,” என்றான் சுரேஷ்பாபு.

“அப்படி நான் சொல்லல. யார உள்ள உடறதுன்னு சொல்ற அதிகாரம் எனக்கு இல்ல. நானும் வெளிய நின்னு ஆண்டவர் கூப்புடுவாரான்னு பாத்துக்கினு இருக்கற ஆளுதான். அவரு எப்படிப்பட்டவருன்னு மட்டும் எனக்குக் கொஞ்சம் தெரியும். புள்ளையத் தேடிக்கினு வந்த அப்பன அவரு வெரட்டினாருன்னு நான் எங்கியும் படிச்சதில்ல.”

சுரேஷ்பாபு அதைக் கொஞ்சநேரம் மனதில் போட்டுப் பார்த்தான். முழுசாகப் புரிந்ததா, ஒப்புக்கொண்டானா என்று அவன் முகத்தில் தெரியவில்லை. காபி குடியுங்கள் ஐயா என்றான்.

கிளம்பும்போது பாஸ்டர் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, சிநேகிதனின் கல்லறைக்குப் போகையில் ஆண்டவரே கண்ணீர் விட்டவர்தான், அழுதால் விசுவாசம் குறைந்துவிடாது, அழுங்கள் சிஸ்டர் என்றார்.

“நீங்க சொன்னா நிக்கும் ஐயா,” என்றாள் ருக்மணி. “சொன்னா வராது.”

அவர் தலையைக் குனிந்துகொண்டு போனார்.

அன்றிலிருந்து ருக்மணிக்கு ரத்தினம்மாவின் நினைவாகவே இருந்தது. தெருவில் மின்கம்பத்தின் அடியில் உட்கார்ந்திருந்தாளே, அந்தக் கோலம். அன்று பாட்டுச் சத்தத்துக்கு நடுவே அந்த அழுகை உள்ளே வந்துகொண்டுதான் இருந்தது. அவளைக் கைத்தாங்கலாக வெளியே கொண்டுபோனபோது ருக்மணி பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். வேண்டாம் என்று சொல்லவில்லை. யாமினிக்குப் பல் முளைத்தபோதும், வயதுக்கு வந்தபோதும் முதலில் ஓடி வந்தவள் அந்த அத்தைதான்.

வாரத்தின் நடுவில் ஹாஸ்டலுக்கு லீவு சொல்லிவிட்டு, தன்னை ஊருக்குக் கூட்டிப்போகும்படி சுரேஷ்பாபுவிடம் கேட்டாள். அவன் ஏன் என்று கேட்கவில்லை. வேனில் முன் சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். வழி நெடுக மாந்தோப்புகளில் பூ உதிர்ந்து பிஞ்சு தெரிய ஆரம்பித்திருந்தது. அக்கா ஏதாவது சொல்லிவிட்டால் மனதில் வைத்துக்கொள்ளாதே என்று மட்டும் அவன் ஒருமுறை சொன்னான்.

ரத்தினம்மா வீட்டின் முன்னால் சாக்கை விரித்து விதைக்கு வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தாள். வேன் நின்றதைப் பார்த்தாள். தம்பியைப் பார்த்து வாடா என்றாள். ருக்மணியைப் பார்க்காமல் மறுபடி கடலையை எடுத்தாள். கணவனை இழந்து பிறந்த ஊரிலேயே தங்கிவிட்டவள் அவள், பிள்ளைகள் இல்லை. அந்த வீட்டில் யாரையும் எதிர்பார்த்து வாழாத பிடிவாதம் அவளுக்கு உண்டு.

ருக்மணி சாக்கின் எதிரில் போய் நின்றாள்.

“அக்கா, நான் அழறதுக்கு வந்தேன்,” என்றாள்.

ரத்தினம்மா நிமிர்ந்தாள். அந்தப் பார்வையில் முதலில் கோபம்தான் இருந்தது. இத்தனை மாசம் கழித்து, பிணத்தின்மேல் விழக்கூட விடாமல் தள்ளிவிட்டு, இப்போது வந்தாயா என்கிற கோபம். பிறகு ருக்மணியின் முகத்தில் என்ன கண்டாளோ, மடியிலிருந்த தோலைத் தட்டிவிட்டு எழுந்தாள். கையைப் பிடித்து உள்ளே அழைத்துப்போய்த் தரையில் உட்காரவைத்தாள். தானும் எதிரே உட்கார்ந்து, அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு, நெற்றியோடு நெற்றியை வைத்தாள். ஊரில் பெண்கள் துக்கத்தைக் கட்டி அழுவது அப்படித்தான்.

ரத்தினம்மாதான் தொடங்கினாள். முத்தே, பவழமே என்று ராகம் போட்டு, பிள்ளையின் பல்லையும் சடையையும் நடையையும் ஒவ்வொன்றாகச் சொல்லி, எந்த ஊருக்குப் போனாய், எந்தத் தெருவில் உன்னைத் தேடுவேன் என்று கேட்டாள். ருக்மணியின் தோள் குலுங்கியது. முதலில் வெறும் காற்றுதான் வந்தது. இருமல் மாதிரி ஒன்று வந்தது. பிறகு அவளே எதிர்பாராத ஒரு சத்தம் வயிற்றிலிருந்து எழும்பி வந்தது. பக்கத்து வீட்டுப் பெண்கள் வேலையைப் போட்டுவிட்டு ஓடி வந்து அவர்களோடு உட்கார்ந்துகொண்டார்கள்.

எந்தத் தெருவில் தேடுவேன் என்று ரத்தினம்மா மறுபடி கேட்டபோது, ருக்மணி அழுதுகொண்டே அதற்குப் பதில் சொன்னாள். ராகமெல்லாம் அவளுக்கு வராது. மகளிடம் நேரே பேசுவதுபோல் பேசினாள்.

“நீ எங்க இருக்கறன்னு எனக்குத் தெரியுண்டி கண்ணு. நீ அங்கியே இரு. எங்கியும் போயிடாத. நான் வரேன். உன் நைனாவ உட்டுட்டு வரமாட்டேன், கூட்டிக்கினுதான் வருவேன். ஆண்டவர்கிட்ட சொல்லி வை. நைனா வராருன்னு சொல்லி வை.”

சுரேஷ்பாபு வெளியே வேனில் சாய்ந்துகொண்டு நின்றிருந்தான். அது அவன் காதிலும் விழுந்தது. தோளிலிருந்த துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டான்.

அழுது முடிக்க வெகுநேரம் ஆனது. முடிந்ததும் ரத்தினம்மா சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து ருக்மணியின் முகத்தைத் தானே கழுவிவிட்டாள். உங்கள் சபையில் கேட்டால் திட்டுவார்களா என்று விசாரித்தாள். திட்டினால் திட்டட்டும் என்றாள் ருக்மணி. பசித்தது. யாமினி போனதிலிருந்து அவளுக்குப் பசி என்று ஒன்று தனியாகத் தெரிந்ததில்லை. ரத்தினம்மா களி கிண்டி, வேர்க்கடலைச் சட்னி அரைத்தாள். மூன்று பேரும் உட்கார்ந்து சாப்பிட்டார்கள்.

அதற்குப் பிறகு எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்லமுடியாது. ஹாஸ்டலில் இன்னும் சிலநாள் கரண்டி நின்றுவிடும். ஆனால் இப்போது அவள் பாத்திரம் தேய்க்கும் இடத்துக்குப் போய்க் கொஞ்சம் அழுதுவிட்டு வருவாள். பெண்களும் பழகிக்கொண்டார்கள், ஒருத்தி கரண்டியை வாங்கித் தானே பரிமாறிவிடுவாள். ஞாயிற்றுக்கிழமை சபைக்குத் தவறாமல் போனாள். பாட்டு அவளுக்கு மறுபடி பாட்டாகக் கேட்டது. சமாதானம் வந்துவிட்டதா என்று கன்னிகா ஒருமுறை தயங்கித் தயங்கிக் கேட்டாள். வருகிறது, போகிறது என்றாள் ருக்மணி.

அந்தக் கோடையில் லட்சுமம்மா தூக்கத்திலேயே போய்ச் சேர்ந்தாள். ஜீவரத்தினம் பாஸ்டர் வந்து ஜெபித்தார். பாட்டை உடனே தொடங்கவில்லை. பெட்டியை மூடும்வரை தெருவில் போய் மற்ற ஆண்களோடு நின்றுகொண்டார். உள்ளே பெண்கள் அழுதார்கள். ருக்மணி லட்சுமம்மாவின் காலைப் பிடித்துக்கொண்டு அழுதாள். யாமினியைப் பார்த்தால் அம்மா நன்றாக இருக்கிறாள் என்று சொல்லும்படி காதோடு சொல்லி அனுப்பினாள். பெட்டியைத் தூக்கியபோது முதல் ஆளாகப் பாடினாள்.

சுரேஷ்பாபு இன்னும் ஞானஸ்நானம் எடுக்கவில்லை. எடுப்பதாகவும் சொல்லவில்லை. மலைக்கு வேன் ஓட்டுகிறான். கிளம்பும் முன் அலிபிரியில் இறங்கிக் கன்னத்தில் போட்டுக்கொள்கிறான். சவாரி இல்லாத ஞாயிறுகளில் சபைக்கு வந்து, கடைசி வரிசையில் கதவோரம் உட்காருகிறான். ருக்மணி அவனை வா என்றும் சொல்வதில்லை, ஏன் வந்தாய் என்றும் கேட்பதில்லை. விடியற்காலை ஜெபத்தில் அவன் பேரைச் சொல்லிவிட்டு எழுந்து அடுப்பைப் பற்றவைக்கிறாள்.

போன மாதம் ஒரு ஞாயிறு, பரலோகத்தைப் பற்றிய பாட்டு ஒன்று நடக்கும்போது பின்னாலிருந்து அவன் குரல் கேட்டது. ஒரு அடி பிந்தி வந்தது, சுருதியும் சேரவில்லை. ருக்மணி திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் நிறுத்திவிடுவான்.